பழைய தட்டும் முத்துச் சிப்பியும்

மக்களின் பொழுதுபோக்குகள் பலதிறப்பட்டன. சிலர் தபால் முத்திரை சேர்ப்பர். சிலர் பழங்காசு சேர்ப்பர். கடற்கரையிற் பிறந்தோர் சிலர் சங்கும் சோகியும் சேர்ப்பர். தாம் எதனையும் சேர்ப்பதில்லை என்று பெருமை பேசுவோர்கூட அயலாரின் குறைகளையேனும் ஒன்றுவிடாமற் சேர்த்து வைத்திருப்பர். நாம் சேர்ப்பன பழைய இசைத்தட்டுகள். அவற்றுள்ளும் சிறப்பாக, 1960களிலும் 1970களிலும் மேலைநாட்டு இளைஞர் குழுக்கள் கித்தாரும் முரசுங் கொண்டு முழக்கிய 'றொக்' இசைத்தட்டுகள். அவை புதியனவாக இருத்தல் எமக்கு வேண்டுவதில்லை. பிறர் வாங்கி, பிறர் கேட்டு, பிறர் கைவிட்டவையே எம்மிடம் வந்து சேர்கின்றன.

கொண்டச்சியிற் பிறந்தவர்க்கு இப்பித்து எங்ஙனம் பிடித்தது என எம்மைக் கேளாத நண்பர் இல்லை. கருவாடு மணக்கும் கரையில், மரமுந்திரிகைத் தோட்டத்தின் அயலிலே வளர்ந்த ஒருவர், இலண்டன் மாநகரத்து இளைஞர் பாடிய பாட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பது அவர்களுக்கு வியப்பாக இருக்கின்றது. எமக்கோ அதில் வியப்பேதும் இல்லை. மூடிய பொருளை விலை கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கின்றதென்று பின்னர் பார்க்கும் பழக்கம் எமது ஊருக்குப் புதிதன்று.

சிப்பி ஏலம்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் அண்மையில், மன்னார்க் குடாவை நோக்கிக் கிடப்பது கொண்டச்சி. அவ்வழியே செல்வோர் இன்று அமைதியான கடலோரக் கிராமம் ஒன்றையே காண்பர். ஆயின் ஒரு காலத்தில் இவ்விரிகுடாவின் பெயர் ஐரோப்பிய வணிகரின் நாவிலே புழங்கியது. கரைக்கப்பால் கடலடியிற் பரந்து கிடந்த பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் முதலாய முத்துப் பார்களே அதற்குக் காரணம். 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ரொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, முத்துக்குளிப்புக் காலத்திற் கொண்டச்சியிலே கூடிய படகுகளையும் பல தேசத்து மக்களையும் விரித்துரைத்துள்ளார். அதே காலத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் எஞ்சிய சுவர்களைக் கடல் இன்னும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கின்றது.

முத்துக்குளிப்பு நடந்த முறையை மாணவர் அறிந்திருத்தல் நன்று. படகுகள் பாரை அடைந்ததும் சுழியோடிகள் கல்லின் பாரத்தாலே கீழிறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலெழுவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் 'கடற்கட்டி' ஒருவரும் அவர்களுக்குத் துணை. கரை சேர்ந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் வேலியடைப்பினுள் எண்ணிக் குவிக்கப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றிலொரு பங்கு சுழியோடிகளுக்கும் மிகுதி அரசுக்கும் சென்றது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடப்படும். ஏலம் எடுப்பவர் எடுப்பது திறவாத சிப்பி. அதனைப் பல நாள் வெயிலில் அழுகவிட்டு, அந்நாற்றத்தையும் பொறுத்துக் கழுவி அரித்துப் பார்க்கும்போதுதான் தமக்கு வாய்த்தது செல்வமா, வெறுஞ்சேறா என்பது அவருக்குத் தெரியவரும். பெருஞ்செல்வர் ஏழையானதும், ஏழை செல்வரானதும் அக்கொட்டுகளிலேதான்.

1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு மிகப் பெரு விளைவைத் தந்தது. அதைக் கண்டு ஆசை கொண்ட இலண்டன் கம்பனி ஒன்று 1906இல் இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. சில ஆண்டுகளுள் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் நொடித்தது. எண்ணி எடுத்தவரையும் கடல் ஏமாற்றும் என்பதற்கு அதுவே சான்று.

பழைய கடையொன்றில் தூசி படிந்த இசைத்தட்டுக் குவியலின் முன் குந்தியிருக்கும் வேளைகளில், ஏலத்துக்கு வந்த அந்த முன்னோரை நாம் நினைப்பதுண்டு. உறையின் மேல் ஒரு படம் இருக்கும். உள்ளே அத்தட்டே இருக்கின்றதா, வேறொன்றா, கீறலா, பூஞ்சணமா என்பது வீட்டுக்கு வந்து ஊசியை வைத்த பின்னரே உறுதியாகும். எமது ஏலத்தில் நாற்றம் சற்றுக் குறைவு, அவ்வளவே வேற்றுமை.

பூச்சி தந்த அரக்கு

முத்து ஒரு சிப்பியின் உடலில் விளைவது. பழைய இசைத்தட்டும் ஓர் உயிரின் கொடையே என்பதைப் பலர் அறியார். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அக்காலத் தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. மரக்கிளைகளிலே மொய்த்து வாழும் மிகச் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. உலகெங்கும் தட்டு வார்ப்பதற்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி இந்திய நாட்டுக் காடுகளிலிருந்தே சென்றது. இத்தாலியப் பாடகர் கரூசோவின் குரலை நியூயோர்க் நகரத்து மாளிகையிற் கேட்டவரும், தம்மையறியாமலே நமது பக்கத்துப் பூச்சிக்குக் கடன்பட்டவரே.

1902ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலிய கலைஞரின் குரலைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் அந்நகரிலேயே தட்டு வார்க்கும் தொழிற்சாலையும் எழுந்தது. அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடலாம். விரிவான ஆலாபனைக்குப் பழகிய வித்துவான்கள் அம்மூன்று நிமிடத்துள் இராகத்தைக் குறுக்கிப் பாட நேர்ந்ததும் அதனாலேதான். கை தவறினால் அப்பளம்போல் நொறுங்குவது அதன் மற்றொரு குறை.

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்றும் நெடுந்தட்டை வெளியிட்டது. 1949இல் 45 சுற்றுத் தட்டு வந்தது. இவை வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. வளையும், எளிதில் உடையா. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலி அடங்கும். அதன் பள்ளத்தை நீட்டிப் பிடிக்க முடியுமாயின் நீளம் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் வரும். ஒலி இரு திசையிற் பிரிந்து கேட்கும் ஸ்ரீரியோத் தட்டுகளில், அப்பள்ளத்தின் ஒரு சுவர் இடச் செவிக்கும் மறு சுவர் வலச் செவிக்குமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குப் புலனாகா இச்செதுக்கலை ஒரு சிறு வைரமுனை தடவிச் செல்லப் பாட்டுப் பிறக்கின்றது. எத்தனை முறை எண்ணினும் இதன் வியப்பு எமக்குத் தீர்ந்தபாடில்லை.

நெடுந்தட்டு வந்திராவிடின் நாம் விரும்பும் றொக் இசையும் இவ்வடிவிற் பிறந்திராது. பீற்றில்ஸ், பிங்க் புளொயிட், லெட் செப்பெலின் முதலிய குழுவினர் ஒரு தட்டின் இரு பக்கங்களையும் ஒரு நாடகத்தின் இரு அங்கங்கள்போல் அமைக்கலாயினர். எனினும் பழைமை எளிதில் விடைபெறுவதில்லை. மேலைநாடுகள் அரக்குத் தட்டைக் கைவிட்ட பின்னரும், 1960களின் நடுப்பகுதி வரை பீற்றில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகளாகவும் வார்க்கப்பட்டன. கையாற் சாவி முறுக்கும் கிராமபோன்கள் நமது வீடுகளிலே நிறைய இருந்தன அல்லவா? அத்தட்டுகளை இன்று உலகெங்குமுள்ள சேகரிப்போர் தேடித் திரிகின்றனர்.

எமது வீட்டுப் பெட்டி

எமது வீட்டில் முதலில் இருந்ததும் அத்தகைய சாவி முறுக்கும் பெட்டியே. தியாகராஜ பாகவதரும் பி. யூ. சின்னப்பாவும் நாகூர் ஹனிபாவும் எம் வாப்பாவின் தட்டுகளிலே குடியிருந்தனர். மாலைத் தொழுகை முடிந்து உணவும் உண்ட பின்னர், அயல்வீட்டார் சிலரும் வந்து முற்றத்திலே பாயில் அமர்வர். நல்ல பாட்டு முடிந்ததும் ஒருவரும் உடனே பேசார். அந்தச் சிறு மௌனமே எமது ஊரின் கைதட்டு.

தட்டில்லாத வீட்டுக்கு வானொலி இருந்தது. இலங்கையில் ஒலிபரப்பு அரும்பியதும் இசைத்தட்டினாலேயே. 1920களின் முற்பகுதியில் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் அறையொன்றிலிருந்து எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் கிராமபோன் இசையைப் பரப்பிப் பரிசோதித்தார். 1925இல் முறையான வானொலி தொடங்கியது. 1949இல் அது 'இலங்கை வானொலி' ஆயிற்று. 1952இல் இந்திய அரச வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, இந்திய நேயர் பலர் தமது பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர். அவ்வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் வேறெங்கும் கிடைத்தற்கரிய தட்டுகள் இருந்தன. தமிழ், சிங்களம், இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழிருந்து பிறந்தமையால், முள்ளைச் சிறிது நகர்த்தினாற் போதும். கொண்டச்சி முற்றத்தில் உலகம் வந்து உட்காரும். பீற்றில்ஸ் என்னும் பெயரை நாம் முதன்முதற் கேட்டது அவ்வாறே.

கொழும்பிற் கடையொன்றில் வேலை பார்த்த எம் நானா 1970களில் மின்கலத்தால் இயங்கும் இசைத்தட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. வெளிநாட்டுத் தட்டு புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பலில் வேலை செய்தவர் கொண்டுவந்தவையும், வெளிநாடு சென்று குடியேறும் குடும்பத்தார் விற்றுவிட்டுப் போனவையுமே இளைஞரிடையே கைமாறின. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் அது. அக்கரைக்குச் சென்றவர் சிலர் சென்னை வரை போய், பழைய நூல்களுக்கும் பழைய தட்டுகளுக்கும் பெயர்போன மூர் மார்க்கெட்டிலே தேடி வந்ததும் உண்டு. அம்மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. ஆகவே 'பழைய தட்டு' என்பது எமக்கு விருப்பத் தெரிவாகத் தொடங்கவில்லை. வேறு வழியின்மையாலே தொடங்கியது.

1973இல் வெளிவந்த பிங்க் புளொயிட்டின் 'நிலவின் இருண்ட பக்கம்' என்னும் தட்டு இதயத் துடிப்பொலியோடு தொடங்கி இதயத் துடிப்பொலியோடு முடிவது. முதன்முறை அது எமது வீட்டில் ஒலித்தபோது, பக்கத்தறையிற் படுத்திருந்த எம் உம்மும்மா எழுந்து வந்து, "யாருக்கடா நெஞ்சு இப்படி அடிக்குது?" என்று கேட்டார். சிறிது நேரத்தில் பல மணிக்கூடுகள் ஒருங்கே அலறவே, "இது பாட்டில்லை, பேய் வீடு" எனத் தீர்ப்பளித்துச் சென்றார். ஆயினும் பின்னர் நானா அத்தட்டை வைக்கும் நாட்களில், நெஞ்சடிப்பு முடியும்வரை அவர் வாசற்படியிலே நின்று கேட்டதை நாம் கண்டிருக்கின்றோம்.

விட்டு வந்தவை

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். எமது ஊரும் வெறுமையாயிற்று. புத்தளம் பக்கமாகப் புறப்பட்ட எமது குடும்பத்தின் கையிலிருந்தவை உடுபுடவையும், சில பத்திரங்களும், பிள்ளைகளுக்கான உணவும் மாத்திரமே. எதனை எடுப்பது, எதனை விடுவது என்று எண்ண அவகாசம் இருக்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்கும் கையால் தட்டுப் பெட்டியைத் தூக்க இயலாது. வாப்பாவின் அரக்குத் தட்டுகளும் நானாவின் நெடுந்தட்டுகளும் அலுமாரியின் கீழ்த்தட்டிலேயே இருந்துவிட்டன.

இத்துயரை அளந்து பேச வேண்டும் என்பதை நாம் அறிவோம். காணியை இழந்தவர், தொழிலை இழந்தவர், உறவை இழந்தவர் நிறைந்த நாட்டிலே, பாட்டுத் தட்டை இழந்தோம் என்று புலம்புவது அடுக்காது. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலின் கீழ் இருந்த ஆண்டுகளில் எம் வாப்பா அத்தட்டுகளைப் பற்றி ஒருமுறையேனும் பேசியதில்லை. ஆனால் அயற்கொட்டிலின் வானொலியிற் பாகவதரின் குரல் கேட்ட மாலையொன்றில், எழுந்து வெளியே போய், பாட்டு முடியும்வரை முதுகைக் காட்டி நின்றார். அன்று தான் நாம் ஒன்றை உணர்ந்தோம். மனிதர் இழப்பது பொருளை மட்டுமன்று. அப்பொருளோடு இருந்த மாலைப்பொழுதையும், பாயில் வந்தமர்ந்த அயலாரையும், பாட்டின் பின்வந்த அந்த மௌனத்தையுங்கூட.

2009இல் போர் முடிவுற்றபின், மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் நாம் ஊருக்குச் சென்று பார்த்தோம். வீடு இருந்த இடத்திற் பற்றைக்காடு மண்டிக் கிடந்தது. கிணற்றை வைத்தே வளவை இனங்கண்டோம். தட்டுகளின் சுவடே இல்லை. யாரோ எடுத்துச் சென்றிருக்கலாம். மழையிலும் வெயிலிலும் மண்ணாகியிருக்கலாம். யாரோ எடுத்துச் சென்று கேட்டிருந்தால் நல்லது என்றே எமது மனம் விரும்புகின்றது. அரக்கு மண்ணாவதை விட, அன்னியர் வீட்டிலேனும் பாகவதர் பாடியிருப்பது மேல் அன்றோ?

அக்காவுக்கு, தம்பி

நாம் மீண்டும் தட்டுச் சேர்க்கத் தொடங்கியது புத்தளத்தில் வாழ்ந்த காலத்திலேயே. கொழும்புக்கு அலுவலாகச் செல்லும் நாட்களில், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளையும், வீட்டுச் சாமான் விற்கும் பழைய கடைகளையும் துழாவுவது வழக்கமாயிற்று. அப்போது ஒலிநாடாவும் கழிந்து, குறுந்தட்டு ஆண்ட காலம். நெடுந்தட்டுகளை வேண்டுவார் இல்லை. நிறை பார்த்து விற்காத குறையாக அவை குவிந்து கிடந்தன.

பழைய தட்டின் உறைகளிலே பெயர்கள் இருக்கும். சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், பறங்கிப் பெயர். பாடசாலை விடுதியின் முத்திரை. "திருப்பித் தரவும்" என்னும் வேண்டுகோள். பல வீடுகள் கலைந்ததன் குறிப்பேடு அது. நாட்டை விட்டுப் போனவர், காலமானவர், பிள்ளைகள் வேண்டாமென்று விற்றவர், எரிந்த வீட்டில் எஞ்சியதை விற்றவர் என அவ்வுறைகளின் பின்னே எத்தனையோ கதைகள். மலிவாகக் கிடைத்ததென்று மகிழும் கை, அம்மலிவு எவருடைய முடையிலிருந்து பிறந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

எம்மிடம் பீற்றில்ஸ் குழுவினரின் 'அபே றோட்' தட்டு ஒன்று உண்டு. 1969இல் வெளிவந்த இசை அது. அதன் உறையின் உட்புறத்தில் நீல மையில், "அக்காவுக்கு, தம்பி. யாழ்ப்பாணம், 1974" என எழுதப்பட்டிருக்கின்றது. வேறு பெயரில்லை. தட்டை விளக்கருகே சாய்த்துப் பார்த்தால், இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டு மட்டும் மற்றவற்றினும் மங்கித் தேய்ந்திருப்பது தெரியும். ஜோர்ஜ் ஹரிசன் இயற்றிப் பாடிய, நெடுங்குளிரின் பின் வரும் கதிரவனைப் பற்றிய பாட்டு அது. யாரோ ஓர் அக்கா அப்பாட்டை மீண்டும் மீண்டும் வைத்திருக்கின்றார். யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு கதிரவனுக்காக ஏங்கிய அவர் யார்? அத்தட்டு எவ்வாறு கொழும்பு நடைபாதைக்கு வந்தது? தம்பி எங்கே?

விற்றவரைக் கேட்டோம்; மூட்டையாக வந்ததென்றார். யாழ்ப்பாணத்து நண்பர் சிலரிடம் சொல்லி வைத்தோம். பெயரில்லாத அக்காவை எவர் கண்டுபிடிப்பார்? அத்தட்டை விலைக்குக் கேட்டவர் இருவர். நாம் கொடுக்கவில்லை. எம்மிடமிருப்பினும் அது எமதென்று நாம் எண்ணுவதில்லை. கொண்டச்சியில் விட்டுவந்த தட்டுகளை எவரேனும் வைத்திருப்பாராயின் அவர் எவ்வாறு வைத்திருக்க வேண்டுமென நாம் விரும்புவோமோ, அவ்வாறே இதனை வைத்திருக்கின்றோம்.

வாங்குவோர் அறிய வேண்டியவை

இத்துறையிற் புகும் இளைஞருக்குச் சில குறிப்புகள் சொல்வது பயன்தரும். தட்டை விளிம்பிலும் நடுவிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். வெளிச்சத்தின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல் எது, ஆழ்ந்த கீறல் எது என்பது புலப்படும். நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஊசிக்கும் தட்டுப்படும். அத்தகைய தட்டைத் தவிர்த்தல் நன்று. கண்மட்டத்தில் வைத்து நோக்கி, வெயிலால் நெளிந்ததா என்றும் பார்க்க வேண்டும். மன்னார்க் கரை வெயிலில் யன்னலோரம் வைத்த தட்டு ஒரு பகலிலேயே அலைபோல் நெளியும்.

வினைல் தட்டை வடித்த நீரிற் சில துளி மென்சவர்க்காரம் கலந்து, மெல்லிய துணியாற் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். நடுவிலுள்ள காகிதச் சிட்டை நனையலாகாது. அரக்குத் தட்டின்மேல் மதுசாரத்தை ஒருபோதும் இடற்க. அது அரக்கைக் கரைத்துவிடும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குரிய ஊசி வேறு. நெடுந்தட்டின் ஊசியை அதில் வைத்தால் இரண்டுக்கும் கேடு. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப்போல் நிறுத்தி வைக்க வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள கரையோரத்தில் மாதமொருமுறை உறைகளைத் திறந்து பூஞ்சணம் படிந்ததா எனப் பார்த்தல் நலம். விலையைப் பற்றி ஒன்று சொல்வோம்: அரியது என்பதற்காக வாங்காதீர், கேட்பதற்காக வாங்குங்கள்.

அன்றைய மலிவு இன்று இல்லை. உலகம் மீண்டும் வினைல் பக்கம் திரும்பியுள்ளது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின் முதன்முறையாக, குறுந்தட்டுகளை விட வினைல் தட்டுகள் கூடுதலான எண்ணிக்கையில் விற்றன. கைத்தொலைபேசியில் எப்பாட்டும் நொடியில் வரும்போது இவ்வுருண்டையைக் கட்டி அழுவது எதற்கு என்று எம் பேரப்பிள்ளைகள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. தொலைபேசி பாட்டைத் தருகின்றது. தட்டு ஒரு பக்கம் முடியும்வரை நம்மை இருத்திவைக்கின்றது. காதுக்குள் செருகிய கருவி ஒருவருக்குப் பாடுகின்றது. தட்டு ஓர் அறைக்குப் பாடுகின்றது.

பாரிசில் எழுந்த எமது கடல்

திறவாத சிப்பியில் முத்து இருப்பதும் உண்டு என்றோம். எமக்கு ஒருமுறை அது வாய்த்தது. றொக் தட்டுக் கட்டு ஒன்றை மொத்தமாக வாங்கியபோது, அதனிடையே பழைய ஐரோப்பிய இசைநாடகப் பாட்டுத் தட்டு ஒன்று செருகிக் கிடந்தது. வேண்டாமென்று ஒதுக்கப் போனவேளை, ஆங்கிலம் நன்கறிந்த நண்பர் ஒருவர் சிட்டையைப் படித்துவிட்டு, "இது உங்கள் ஊர்ப் பாட்டு" என்றார். நகையாடுகின்றார் என நினைத்தோம். நகையன்று.

ஜோர்ஜ் பிசே என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் தமது இருபத்து நான்காம் வயதில் ஆக்கிய இசைநாடகத்தின் பெயர் 'முத்துக் குளிப்போர்'. 1863 செப்ரெம்பர் 30ஆம் நாள் பாரிசில் அரங்கேறியது. கதை நிகழும் இடம் இலங்கைக் கடற்கரை. முதலில் மெக்சிக்கோவைக் களமாகக் கொண்டு எண்ணிய ஆசிரியர்கள் பின்னர் இலங்கைக்கு மாற்றினர் என்பர். பிசே இக்கரையைக் கண்டவர் அல்லர். அவருடைய நாடகத்தில் முக்காடிட்ட பூசாரிணியும் கோயிலும் சபதமும் உண்டு. கொட்டின் நாற்றமும் ஏலக்காரரின் கூச்சலும் இல்லை. கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, மன்னார்க் கரைகளிலிருந்து வந்து உண்மையிற் சுழியோடிய மக்களை அங்கே காணமுடியாது. பதினெட்டு முறை நடந்தபின் நாடகம் நின்றது. 1875இற் காலமான பிசே அது மீண்டும் மேடையேறியதைக் காணவில்லை.

ஆயினும் இசை தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. பழைய காதலியின் குரல் இன்னும் காதில் ஒலிப்பதாக நாயகன் பாடும் பாட்டைக் கரூசோ 1904இலேயே இசைத்தட்டிற் பாடினார். இரு நண்பர் சேர்ந்து பாடும் பாட்டை யூசி பியோர்லிங், ரொபேட் மெரில் ஆகிய இருவரும் 1950களின் தொடக்கத்திற் பதிவு செய்தனர். அது உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுவதாயிற்று. இனி எம்மை நாற்காலியிலிருந்து எழவைத்த செய்தியைச் சொல்வோம். எம் உம்மும்மாவை நெஞ்சடிப்பால் எழுப்பிய பிங்க் புளொயிட் குழுவின் டேவிட் கில்மோர், 2001இலும் 2002இலும் இலண்டனில் நடத்திய கச்சேரிகளில், கரூசோ பாடிய அதே நாயகன் பாட்டைத் தாமும் பாடினார். 2002இல் வெளிவந்த அக்கச்சேரியின் ஒளித்தட்டிலும் அது இடம்பெற்றுள்ளது. முத்துக் கரையிலிருந்து நாம் இலண்டன் இசையைத் தேடிப் போனோம். அங்கே அவ்விசைவாணர் முத்துக் கரையைப் பாடிக்கொண்டிருந்தார்.

காதில் இன்னும் ஒலிக்கும் குரலைப் பற்றியது அப்பாட்டு என்பதை அறிந்தபோது, முகாமில் முதுகைக் காட்டி நின்ற வாப்பாவின் உருவமே எமக்குத் தோன்றியது. பாரிசு இளைஞன் கற்பனை செய்த இலங்கை பொய்யாயினும், அவன் கண்ட ஏக்கம் பொய்யன்று.

மாணவர்க்கு ஒரு சொல்

இதனைப் படிக்கும் மாணவ மாணவியர்க்கு எமது வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டுப் பரணிலோ, அயலாரின் அலுமாரியிலோ பழைய தட்டுகள் கிடக்குமாயின், குப்பையில் எறியுமுன் வீட்டு மூத்தவரிடம் காட்டுங்கள். இது எங்கே வாங்கியது, யார் தந்தது, எந்தப் பாட்டை மிகுதியாகக் கேட்டீர்கள் என்று வினவுங்கள். அவர்கள் சொல்வதைச் சிறு தாளில் எழுதி, ஆண்டும் ஊரும் குறித்து, உறையினுள் வையுங்கள். பெயரையும் எழுத மறவாதீர். பெயரெழுதாத ஒரு தம்பியால் ஓர் அக்காவின் தட்டு இன்னும் எம் அலுமாரியிற் காத்திருக்கின்றது.

மன்னார்ப் பார்களில் முன்போற் சிப்பி விளைவதில்லை. அக்கொட்டுகளும் ஏலமும் நூல்களில் மட்டுமே வாழ்கின்றன. ஒரு காலத்தின் குரலும் அவ்வாறே எவரும் கேளாத வேளையில் ஒழிந்து போகலாம். ஒழியாமற் காப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தூசி தட்டும் துணியும், அரை மணி நேரமும், பக்கத்தில் இருந்து கேட்க இன்னொருவரும் இருந்தாற் போதும்.